மடத்து வாசலில் நிற்பது யார்? – 'ஃபேன்ஸி டான்ஸ்' படமும் அதன் பின்னால் இருக்கும் ஜென் உலகமும்

ஜப்பானில் ஜென் பௌத்தத்தின் சோட்டோ பிரிவைச் சேர்ந்த மடம் ஒன்றில் புதிதாகச் சேர வருகிறவன், வாசலில் தொங்கும் மரப்பலகையைச் சுத்தியலால் மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காலில் வைக்கோல் செருப்பு, கழுத்தில் மாட்டிய துணி மூட்டை, கையில் மூங்கில் தொப்பி. உள்ளேயிருந்து உடனே யாரும் வந்துவிட மாட்டார்கள். பனி கொட்டினாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கடைசியில் ஒரு மூத்த துறவி வந்து, "இங்கே எதற்கு வந்தாய்?" என்று அதட்டுவார். "பயிற்சிக்காக" என்றால், "பயிற்சி என்றால் என்ன?" என்று அடுத்த அதட்டல் விழும். என்ன பதில் சொன்னாலும் அது சரியான பதில் ஆகாது. நிற்கிறவனின் தன்முனைப்பைத் தட்டிப் பார்க்கிற சடங்கு அது.

இந்த வாசலில் ஒரு ராக் பாடகனைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் 1989இல் வந்த 'ஃபேன்ஸி டான்ஸ்' படம். இயக்கியவர் மசாயுகி சுவோ. 'ஷால் வி டான்ஸ்?' படத்தால் பின்னாளில் உலகமெங்கும் அறியப்பட்டவர். கதாநாயகன் யோஹெய் டோக்கியோவில் பாட்டு, காதலி, நல்ல உடை என்று வாழ்கிற இளைஞன். ஆனால் அவன் ஒரு கோயில் வீட்டுப் பிள்ளை. அப்பாவுக்குப் பிறகு அந்தக் கோயில் அவனுக்கு வர வேண்டுமானால் ஒரு மடத்தில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். எனவே தலையை மழித்துக்கொண்டு மலைக்குப் போகிறான். யோஹெய்யாக நடித்த மசாஹிரோ மோட்டோகி அதற்கு முந்தைய ஆண்டு வரை பள்ளிப் பெண்கள் உயிராய்ப் பிடித்திருந்த ஒரு பாட்டுக்குழுவில் இருந்தவர். அப்படிப்பட்ட தலையை மழிப்பது அன்றைய ரசிகர்களுக்குத் தனி அதிர்ச்சி.

படத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. இந்த மடத்துக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள், யாரெல்லாம் இல்லை? பெண்கள் எங்கே? கோயில் வீட்டில் பிறக்காதவர்கள் எங்கே? வெளிநாட்டவர் எங்கே? இன்றைய கண்ணாடியை முப்பத்தைந்து வருடப் பழைய படத்துக்கு மாட்டுவது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி படத்தை விட மிகப் பழையது. ஜப்பானிய பௌத்தத்தின் முதல் நாளிலிருந்தே கேட்கப்பட்டு வருவது.

முதலில் நம் வாசகர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'துறவி' என்றதும் வீட்டை விட்டவர், மனைவி மக்கள் இல்லாதவர், இனித் திரும்பாதவர் என்றுதான் தமிழில் நமக்குத் தோன்றும். யோஹெய் ஒரு வருடம் மடத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கோயிலை நடத்தப்போகிறான் என்றால், இது என்ன துறவு என்று குழப்பம் வரும். காரணம் 1872இல் இருக்கிறது. அந்த வருடம் மெய்ஜி அரசாங்கம் ஓர் ஆணை போட்டது: பிக்குகள் இறைச்சி உண்பதும், மணம் செய்வதும், முடி வளர்ப்பதும் இனி அவரவர் விருப்பம். அதுவரை வெளிப்படையாக மணம் செய்துகொண்டு வந்தவர்கள் ஷின்ரானின் வழியில் வந்த ஜோடோ ஷின்ஷூ பிரிவினர் மட்டும்தான். மற்ற பிரிவுகளின் தலைமைகள் இந்த ஆணையை எதிர்த்தன. ஆனால் இரண்டு மூன்று தலைமுறைக்குள் எல்லாப் பிரிவுகளிலும் பிக்குகளுக்குக் குடும்பம் வந்துவிட்டது. குடும்பம் வந்ததும் கோயில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து மாதிரி ஆனது. ஊர்க் குடும்பங்களின் ஈமச்சடங்கு, திதி, கல்லறைப் பராமரிப்பு எல்லாம் அந்தக் கோயிலின் பொறுப்பு. ஆக, நம் கோயில் குருக்கள் வீட்டுப் பையன் பாடசாலைக்குப் போய் மந்திரம் கற்று வருவதற்கு நெருக்கமானது யோஹெய்யின் நிலை. புத்தரைப் போல அரண்மனையை விட்டு நள்ளிரவில் கிளம்புவது அல்ல.

இதைப் புரிந்துகொண்டால் படத்தின் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்பதும் புரியும். மடத்தில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் ஞானம் தேடி வரவில்லை. வீட்டுக் கட்டாயத்தில் வந்தவர்கள். அவர்களுக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, இனிப்புக்கு நாக்கு ஏங்குகிறது, காதலி நினைவு வருகிறது. ஆனால் மடம் கேட்பதோ வேறு. விடியுமுன் எழ வேண்டும். சுவரைப் பார்த்துக் கால் மடக்கி உட்கார வேண்டும். அசைந்தால் தோளில் தட்டையான தடியடி. தியானக் கூடம், குளியலறை, கழிப்பறை மூன்றிலும் பேசக் கூடாது. ஒருவருக்கு ஒரு தாதாமிப் பாய், அதாவது ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. அதிலேதான் தியானம், சாப்பாடு, தூக்கம் மூன்றும். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, அந்த நீரையும் குடிக்க வேண்டும். இந்த ஒழுங்குக்கும் இருபது வயது உடம்புக்கும் நடக்கும் இழுபறிதான் படம். மரத்துப்போன காலோடு எழுந்து நிற்க முயன்று சரிந்து விழுகிறவனைப் பார்க்கையில் சிரிப்பு வருகிறது. அது அவனைக் கீழாக நினைத்து வரும் சிரிப்பு இல்லை, கீழே உட்கார்ந்து சாப்பிட்டு எழும்போது நமக்கும் கால் மரத்திருக்கிறதே என்ற உறவில் வரும் சிரிப்பு.

இப்படிச் சிரிப்பது ஜப்பானுக்குப் புதிதும் அல்ல, பௌத்தத்துக்கு அவமதிப்பும் அல்ல. கியோகென் என்ற பழைய நகைச்சுவை நாடகங்களில் இரண்டு பிரிவுப் பிக்குகள் வழியில் சந்தித்து யார் மந்திரம் பெரிது என்று சண்டை போடும் கதை உண்டு. ராக்குகோ என்ற கதை சொல்லும் கலையின் மூதாதையாகக் கருதப்படுபவரே ஒரு பிக்குதான். அன்ரக்குவான் சக்குடென் என்று பெயர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேடிக்கைக் கதைகளைத் தொகுத்தவர். கேட்கிறவர்கள் பிரசங்கத்தில் தூங்கிவிடாமல் இருக்க வேண்டுமே! ஆகவே பிக்குவைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையைப் பிக்குகளே கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

சரி, இப்போது மடத்துக்குள் இருப்பவர்களைக் கவனிப்போம். பார்வைக்கு எல்லோரும் ஒன்றுபோலத்தான். மொட்டைத் தலை, கறுப்பு அங்கி. அந்த ஒற்றுமைக்குள் எத்தனை விதமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று காட்டுவதுதான் சுவோவின் பலம். வெளியே இருக்கும்போது உடையாலும் முடியாலும் தன்னை வேறுபடுத்திக்கொண்டவன் யோஹெய். இங்கே அந்தக் கருவிகள் பறிக்கப்பட்ட பிறகும் ஒவ்வொருவனும் வேறாகத்தான் தெரிகிறான். ஒருவன் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறான். நவோட்டோ தகேனாகா நடித்த மூத்த துறவி விதிகளைச் சொல்லிப் புதியவர்களை வாட்டி எடுக்கிறார், அவருடைய சொந்த ஆசைகளோ அங்கிக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. யோஹெய்யின் தம்பியும் அங்கே வந்து சேர்கிறான். ஜப்பானியத் திரையில் துறவி என்றால் ஒன்று மகான், இல்லையென்றால் பேய் ஓட்டுகிறவர் என்றிருந்த காலத்தில், சாதாரணப் பையன்களாகவே அவர்களைக் காட்டியதும் ஒரு பிரதிநிதித்துவம்தான். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

அப்புறம், பலர் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு விஷயம். இந்த ஆண்கள் மடத்துக் கதையை முதலில் உருவாக்கியவர் ஒரு பெண். ரெய்கோ ஒகானோ என்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர் 1980களில் பெண்களுக்கான மாங்கா இதழ் ஒன்றில் இதைத் தொடராக வரைந்தார். அதற்காக 1989இல் ஷோககுகான் மாங்கா விருதும் கிடைத்தது. பெண் வாசகிகள் ஓர் ஆண்கள் மடத்தை எட்டிப் பார்ப்பதற்கான ஜன்னலாகத்தான் இந்தக் கதை பிறந்தது. மழித்த தலையின் வடிவமும் அங்கி மடிப்பும் அழகுப் பொருளாக வரையப்பட்டன. அந்த மடத்தில் பயிற்சிக்குச் சேர முடியாத ஒருத்தி அதன் உள்ளறைகளையும் சடங்குகளையும் அத்தனை நுட்பமாகக் கற்று வரைந்திருக்கிறாள். படத்திலும் அந்தப் பார்வையின் தடம் இருக்கிறது. மடத்திலேயே மிக அழகான இளந்துறவியாக நடித்திருப்பவர் பெண், மாடலும் பாடகியுமான மியாகோ கோடா. பாத்திரம் ஆண்தான். படம் அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவதே இல்லை. மொட்டைத் தலையும் அங்கியும் வந்துவிட்டால் ஆண், பெண் என்ற கோடு எவ்வளவு மெல்லியதாகிவிடுகிறது என்பதை ஒரு வார்த்தை சொல்லாமலே காட்டிவிடுகிறது. அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் பெண் பெண்ணாக வரும் இடத்தில் படம் சுருங்கிவிடுகிறது. யோஹெய்யின் காதலி மசோஹோ டோக்கியோவில் இருக்கிறாள். அவளுக்கென்று வேலையும் வாய்த்துடுக்கும் உண்டு. ஹொனாமி சுசுகி அந்தப் பாத்திரத்தை உயிரோடு செய்திருக்கிறார். இருந்தாலும் மடத்தைப் பொறுத்தவரை அவள் யோஹெய் விட்டுவிட்டு வந்த உலகத்தின் அடையாளம், அவ்வளவுதான். அவளே தலையை மழித்துக்கொண்டு மரப்பலகையைத் தட்டலாம் என்ற எண்ணம் படத்தின் அடிவானத்தில்கூட இல்லை. ஜப்பானில் பிக்குணிகள் இல்லாமல் இருந்திருந்தால் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. இருந்தார்கள். இருந்தது மட்டும் இல்லை, முதலில் வந்தவர்களே அவர்கள்தான்.

இந்த வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஜப்பானின் மிகப் பழைய அதிகாரபூர்வ வரலாற்று நூலான நிஹோன் ஷோக்கி, 584இல் நடந்த ஒன்றைப் பதிவு செய்கிறது. சோகா குலத் தலைவர் உமாகோ, புதிதாக வந்த பௌத்தத்துக்குத் துறவிகளைத் தேடினார். அப்போது துறவு ஏற்றவள் ஷிமா என்ற பதினொரு வயதுச் சிறுமி. ஜென்ஷின் என்று துறவுப் பெயர் வைத்தார்கள். கடல் கடந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் அவள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் துறவு ஏற்றார்கள். ஜப்பான் மண்ணில் முதன்முதலில் தலை மழித்தவர்கள் இந்த மூவர்தான், ஓர் ஆண்கூட இல்லை. அடுத்த ஆண்டே கொள்ளைநோய் பரவியது. அந்நிய தெய்வத்தை வணங்கியதால்தான் வந்தது என்று எதிர்த்தரப்புக் குலத்தினர் சொன்னார்கள். அந்தப் பெண்களின் அங்கியைப் பிடுங்கி, சந்தைவெளியில் வைத்துக் கசையால் அடித்தார்கள். அதற்குப் பிறகும் ஜென்ஷின் பின்வாங்கவில்லை. துறவு ஒழுக்கத்தை முறையாகக் கற்க வேண்டும் என்று கேட்டு 588இல் கொரியாவின் பெக்ஜே நாட்டுக்குக் கப்பல் ஏறினாள். 590இல் கற்றுத் திரும்பினாள். படிப்பதற்காக வெளிநாடு போன முதல் ஜப்பானியர் இவர்களே என்றுகூடச் சொல்வார்கள். தமிழில் மணிமேகலை என்ற பிக்குணியைக் காப்பியத் தலைவியாகப் படித்து வளர்ந்த நமக்கு இந்தச் சிறுமியின் கதை அந்நியமாகத் தோன்றாது.

அப்படித் தொடங்கிய இடத்தில், அடுத்த சில நூற்றாண்டுகளில் கதவுகள் மூடிக்கொண்டன. ஹியேய் மலை, கோயா மலை போன்ற பெரிய பௌத்த மலைகளில் பெண்கள் ஏறவே தடை. எல்லைக்கல் நட்டு, அதற்கு அப்பால் பெண் கால் படக் கூடாது என்றார்கள். சோட்டோ பிரிவை நிறுவியவரும், 1244இல் எய்ஹெய்ஜி மடத்தை எழுப்பியவருமான டோகென் இதைக் கடுமையாகச் சாடினார். 1240இல் அவர் எழுதியதன் சாரம் இது: தருமத்தை அடைந்தவள் ஏழு வயதுச் சிறுமியாக இருந்தாலும் அவளே எல்லோருக்கும் ஆசான், அவளை வணங்கிக் கற்க வேண்டும். பெண்ணுக்கு எல்லை கட்டும் இடங்களைச் சிரிப்புக்கிடமானவை என்றே அவர் சொன்னார். நிறுவனரின் வாக்கு அப்படி இருக்க, அவர் பெயரைச் சொல்லும் அமைப்பு அதைப் பின்பற்றவில்லை.

1872இல் ஆண்களுக்கு மண உரிமை தந்தது என்று சொன்னேன் அல்லவா, அதே ஆண்டில்தான் கோயில் மலைகளில் பெண்களுக்கு இருந்த தடையையும் அரசு நீக்கியது. அப்படியும் நாரா மாநிலத்தில் ஓமினே மலையின் சஞ்சோககதாகே உச்சிக்கு இன்றுவரை பெண்களுக்கு அனுமதி இல்லை. வழியில் நிற்கும் மர வாயிலில் பலகை வைத்திருக்கிறார்கள். சோட்டோ பிரிவுக்குள் பிக்குணிகளின் நிலை வேறு விதமாக மோசமாக இருந்தது. ஆண் பயிற்சி பெற்றால் படிப்படியாக மேலே ஏறலாம். பிக்குணி எவ்வளவு கற்றாலும் புதியவருக்குரிய கறுப்பு அங்கிதான், கீழ்நிலைதான், தனக்கென்று சீடரை முறைப்படி உருவாக்கும் அதிகாரமும் இல்லை. தலைமை மடங்களில் பயிற்சியும் இல்லை. "எங்களுக்கு இடம் தாருங்கள்" என்று கேட்டுக் காத்திருக்காமல் நான்கு பிக்குணிகள் 1903இல் நகோயாவில் தாங்களே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். அது பின்னால் ஐச்சி பிக்குணிப் பயிற்சி மடமாக வளர்ந்தது. விதிகளில் சம நிலையைப் பெற இரண்டாம் உலகப் போர் முடிந்து மேலும் சில ஆண்டுகள் ஆயின. 'ஃபேன்ஸி டான்ஸ்' வந்த 1989இல் அந்த மடம் முழு வீச்சில் நடந்துகொண்டிருந்தது. அங்கேயும் விடியுமுன் எழுந்தார்கள், அங்கேயும் கால் மரத்தது. யாரும் கேமரா எடுத்துக்கொண்டு அங்கே போகவில்லை.

பிக்குணியை வைத்துச் சிரிக்க முடியாது, அது தவறாகப் போய்விடும் என்று ஒரு வாதம் வரலாம். ஜகுச்சோ செதோஉச்சியைத் தெரிந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புகழ்பெற்ற நாவலாசிரியையான அவர் 1973இல், தம் 51ஆம் வயதில், தென்டாய் பிரிவில் துறவு ஏற்றார். கியோட்டோவில் அவர் பேசும் இடங்களில் மக்கள் கூட்டம் அலைமோதும். தம் பழைய காதல்களையும், இறைச்சி மேலும் மது மேலும் இருந்த ஆசையையும் மறைக்காமல் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். 2021இல் 99 வயதில் மறையும் வரை அவர் ஜப்பானின் மிகப் பிரபலமான துறவிகளில் ஒருவர். பெண் துறவியின் நகைச்சுவைக்கு அந்த நாட்டில் இடம் இருந்தது. திரையில்தான் அதற்குத் தேடல் இல்லை.

மசோஹோவின் கதை எங்கே போய் முடியும் என்றும் நினைத்துப் பார்க்கிறேன். அவள் யோஹெய்யை மணந்தால் கோயில் மனைவி ஆவாள். ஜப்பானியக் கோயில்கள் ஓடுவதே இந்தப் பெண்களால்தான். வாசல் பெருக்குவது, வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பது, தொலைபேசி எடுப்பது, கணக்கு எழுதுவது, துக்கத்தோடு வரும் குடும்பத்தின் பேச்சைக் கேட்பது எல்லாம் அவர்கள். ஆனால் கொள்கை அளவில் துறவிக்கு மனைவி கிடையாது என்பதால் நீண்ட காலம் அவர்களுக்குப் பதவியோ சட்டப்படியான இடமோ இல்லை. கணவர் இறந்து, மகனும் வாரிசாக வராவிட்டால், அடுத்த பிக்குவுக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு வெளியேற வேண்டிய நிலை. சோட்டோ பிரிவின் விதிகள் துறவு வாழ்வைப் பற்றிப் பேசிய அளவுக்கு இந்தப் பெண்களைப் பற்றிப் பேசவில்லை. படத்தில் யோஹெய் கோயிலுக்கு வாரிசு ஆகத்தான் மடத்துக்குப் போகிறான். அந்த வாரிசுரிமையைத் தாங்கிப் பிடிக்கும் பெண்ணுக்குக் கதையில் என்ன காத்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, சொல்லாமல் விட முடியாத ஒன்று: சாதி. ஜப்பானில் புராக்கு மக்கள் என்றொரு பிரிவினர் உண்டு. தோல் வேலை, இறந்த விலங்கை அகற்றும் வேலை செய்த முன்னோர்களின் வழிவந்தவர்கள் என்று காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள். 1871இல் சட்டம் அந்த வேறுபாட்டை நீக்கிய பிறகும் மணம், வேலை விஷயத்தில் ஒதுக்குதல் தொடர்ந்தது. நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இதில் பௌத்தக் கோயில்களின் பங்கு என்ன? ஜப்பானில் இறந்தவருக்குப் பிக்கு ஒரு புதுப் பெயர் வைப்பார், அதைக் கல்லறையில் செதுக்குவார்கள். புராக்கு குடும்பத்தவர் இறந்தால் அந்தப் பெயரில் 'விலங்கு' என்றோ 'தோல்' என்றோ பொருள்படும் எழுத்தைச் சேர்த்துவிடுவார்கள். தலைமுறை கடந்து பேரன் பேத்தி வந்து கல்லைப் பார்த்தாலும் அந்தக் குறி இருக்கும். செத்த பிறகும் விடாத தீட்டு. 1979இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த உலகச் சமய மாநாட்டில், சோட்டோ பிரிவின் உயர் நிர்வாகி ஒருவர், ஜப்பானில் அப்படிப்பட்ட பாகுபாடு எதுவும் இல்லை என்று பேசினார். புராக்கு விடுதலை அமைப்பு விடவில்லை. அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்று, சோட்டோ பிரிவு தன் கோயில் ஏடுகளையும் கல்லறைகளையும் தேடித் திருத்தும் வேலையை 1980களில் தொடங்கியது.

படம் எடுக்கப்பட்ட ஆண்டுகளில் உண்மையான மடங்களின் உலகத்தில் நடந்துகொண்டிருந்த மிகப் பெரிய விவாதம் இதுதான். படத்தில் இதன் சாயலே இல்லை. இதற்காக நான் சுவோவைக் குற்றம் சொல்ல மாட்டேன். எல்லாப் பாரத்தையும் ஒரு நகைச்சுவைப் படத்தின் தலையில் ஏற்றுவது முறையல்ல. ஆனால் 'கோயில் வீட்டுப் பிள்ளைகள்' என்ற ஒரு வட்டத்தைப் படம் இயல்பான உலகமாக எடுத்துக்கொள்ளும்போது, அந்த வட்டத்துக்கு வெளியே எழுதப்பட்டவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

வெளிநாட்டவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. ஜென் மரபின் மூலகுருவே அந்நியர். ஜப்பானியர் தருமா என்று அழைக்கும் போதிதர்மர், 'நீலக்கண் அந்நியத் துறவி' என்றே ஜென் நூல்களில் வருகிறார். பெரிய தாடி, உருண்ட விழி, காதில் வளையம் என்று வேற்று முகமாகத்தான் அவரை வரைவார்கள். பழைய சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, ஏழாம் நூற்றாண்டுக் குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. பின்வந்த மரபு தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது, அந்த ஊர் காஞ்சிபுரம் என்று பலர் கருதுகிறார்கள். 'மூலகுரு மேற்கிலிருந்து வந்ததன் பொருள் என்ன?' என்பது ஜென் சீடர்களிடம் நூற்றாண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி. அந்தக் கேள்வியையே மூச்சாகக் கொண்ட மடத்தில் ஜப்பானியப் பையன்கள் மட்டும் இருப்பதாகத் திரை காட்டியது. ஆனால் நிஜத்தில் கதவு கொஞ்சம் திறந்துதான் இருந்தது. ஹ்யோகோ மாநிலத்து மலையில் இருக்கும் அந்தைஜி மடத்துக்கு 2002 முதல் 2020 வரை தலைவராக இருந்தவர் முஹோ நோல்கே என்ற ஜெர்மானியர். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஒரு பெண்.

சுவோவே இந்தக் கேள்விகளைக் கவனித்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூன்று ஆண்டு கழித்து, 1992இல், அதே மோட்டோகியை வைத்து, ஒரு பல்கலைக்கழகச் சுமோ மல்யுத்தக் குழுவைப் பற்றிய நகைச்சுவைப் படம் எடுத்தார். அமைப்பு அதேதான்: விருப்பமில்லாமல் உள்ளே வருகிறவன், விநோதமான விதிகள், கடைசியில் அந்தப் பழக்கத்தின் மேல் பிறக்கும் மதிப்பு. ஆனால் இந்த முறை அணியில் ஒரு வெளிநாட்டு மாணவன் இருக்கிறான். கோவணம் கட்டிக்கொண்டு பின்புறம் தெரிய நிற்க முடியாது என்று மறுக்கிறான். அதைவிட முக்கியமாக, பெண் கால் வைக்கக் கூடாது என்று சொல்லப்படும் சுமோ வளையத்துக்குள் ஒரு பெண் ஆண் வேடத்தில் இறங்கி மோதுகிறாள். மார்பில் துணியைச் சுற்றிக்கொண்டு, தோழர்களைக் கைவிடக் கூடாது என்பதற்காக அவள் நிற்கும் அந்தக் காட்சியில் அரங்கம் சிரிக்கிறது, அப்படியே தொண்டையும் அடைக்கிறது. மடத்துப் படத்தில் ஆணாக நடித்த பெண்ணைப் பேச்சின்றி உள்ளே விட்ட இயக்குநர், சுமோப் படத்தில் அந்த எல்லை மீறலையே கதையாக்கிவிட்டார். மடத்துப் படத்தைத் தனியாக எடைபோடாமல் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி நண்பர்களிடம் சொல்வேன்.

'ஃபேன்ஸி டான்ஸ்' படத்தின் உச்சக்கட்டம் தரும வாதம் என்ற சடங்கு. சோட்டோ மரபில் பயிற்சிக் காலத்தின் தலைமைச் சீடனாக ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அவன் கையில் வளைந்த மூங்கில் கோல் கொடுத்து நடுவில் உட்காரவைப்பார்கள். சுற்றியிருக்கும் துறவிகள் ஒவ்வொருவராகத் தொண்டை கிழியக் கத்திக் கேள்வி எறிவார்கள். அவனும் அதே வேகத்தில் பதில் எறிய வேண்டும். கேட்டவர் நிறைவடைந்தால் வாழ்த்துச் சொல்லி முடிப்பார், சீடன் பதில் வாழ்த்துச் சொல்வான். உண்மையில் கேள்வியும் பதிலும் முன்னாலேயே மனப்பாடம் செய்யப்பட்டவைதான். நாடகம் போலத்தான் நடக்கும். ஆனால் மேடையில் பாடிப் பழகிய யோஹெய்க்கு அங்கே தெரிவது இன்னொரு மேடை. அலங்காரத்தை விட்டுவிட்டு வந்தவன், எல்லாவற்றையும் விட அலங்காரமான ஒரு சடங்கின் நடுவில் உட்காருகிறான். தன்னை வேறுபடுத்திக் காட்டும் ஆசையும் தன்னைக் கரைத்துக்கொள்ளும் ஒழுங்கும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இந்தச் சந்திப்பை எனக்கு நினைவூட்டும் ஒருவர் இன்று உண்டு. படம் வந்த அதே 1989இல் டோக்கியோவில் ஒரு கோயில் வீட்டில் பிறந்தவர் கோடோ நிஷிமுரா. யோஹெய்யைப் போலவே முதலில் கோயில் வேண்டாம் என்று ஓடியவர். அமெரிக்காவில் படித்து ஒப்பனைக் கலைஞர் ஆனார். பிறகு திரும்பி வந்து ஜோடோ பிரிவில் பயிற்சி முடித்துப் பிக்கு ஆனார். தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறவர். குதிகால் செருப்பும் காதணியும் அணிவார். இதெல்லாம் பிக்குவுக்கு அடுக்குமா என்று கேட்டால், அமிதாப சூத்திரத்தில் வரும் தாமரைக் குளத்தைத்தான் அவர் காட்டுவார். நீலத் தாமரை நீல ஒளி வீசும், மஞ்சள் தாமரை மஞ்சள் ஒளி வீசும், வெள்ளைத் தாமரை வெள்ளை ஒளி வீசும். அந்தக் குளத்தில் எல்லாத் தாமரையும் ஒரே நிறமாக வேண்டும் என்று சூத்திரம் எங்கும் சொல்லவில்லை. தினமும் கோயில்களில் ஓதப்படும் வரிகள் இவை.

இன்னொரு காட்சியும் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சோட்டோ மடங்களில் விடியுமுன் எல்லோரையும் எழுப்ப ஒருவர் கைமணியை ஆட்டிக்கொண்டே நடைகூடமெல்லாம் ஓட வேண்டும். வழுவழுப்பான மரத்தரை, வெறுங்கால், இருட்டு. நகோயாவின் பிக்குணி மடத்தில் அந்த மணியோடு ஓடுகிறவள் ஒரு பெண். கோயில் வீட்டில் பிறந்தவளாக இருக்கலாம், வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் வந்தவளாக இருக்கலாம், கடல் கடந்து வந்தவளாக இருக்கலாம். வளைவில் வழுக்கி விழுந்து, மணி ஒலி ஒரு கணம் நின்று, எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டு அவள் மறுபடி ஓடுவதை நான் இன்னும் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.